பட்டறைக்காரர் பதில்கள்

கேள்வி: எஞ்சின் இல்லாத பழைய ஹோண்டா ஆர்.எஸ். 125 ரேஸ் பைக் ஒன்று என்னிடம் இருக்கிறது. கோவை நண்பர் சி.ஆர்.எஃப். 450 மோட்டோகிராஸ் (மண்பாதை ரேஸ்) பைக்கின் எஞ்சின் தருவதாகச் சொல்கிறார். முதல் தலைமுறை மாடல். இரண்டையும் சேர்க்க முடியுமா? – வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சேர்க்கலாம். வெளிநாடுகளில் பலர் சேர்த்து ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் எஞ்சின் உள்ளே நுழைகிறது என்றவுடன், அதைச் சேஸியோடு பிடித்து நிறுத்தும் மவுண்டிங் தகடு வெட்டக் கிளம்பிவிடாதீர்கள். வண்ணார்பேட்டையில் நான் பட்டறை போட்ட புதிதில் அந்தத் தப்பைச் செய்தேன். ஒரு 250 எஞ்சினை டேங்க்குக்கு இடிக்காமல் முன்னால் தள்ளி வைத்து, தகடும் வெட்டி, போல்ட்டும் முறுக்கிவிட்டேன். ஃபோர்க் ஸ்பிரிங்கைக் கழற்றி முன்சக்கரத்தை மேலே தூக்கிப் பார்த்தால், டயர் போய் எக்ஸாஸ்ட் குழாயில் உட்கார்ந்தது! இரண்டு நாள் வேலை பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போனது.

உங்கள் பைக்கில் முதலில் இருந்த டூ ஸ்ட்ரோக் 125 எஞ்சின் குள்ளம். சி.ஆர்.எஃப். எஞ்சின் ஃபோர் ஸ்ட்ரோக்; அதில் வால்வு, கேம் எல்லாம் தலைமேல் இருப்பதால் உயரம் கூடிவிடும். எனவே எஞ்சினை மரக்கட்டைகள் மேல் வைத்து, முதலில் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு (செயின் ஓடும் பல்சக்கரம்) இடம் பாருங்கள். அது ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை) சேஸியில் சேரும் போல்ட்டுக்கு எவ்வளவு ஒட்டி நிற்கிறதோ அவ்வளவு நல்லது. தள்ளிப் போகப் போக, பின்சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் செயின் இறுகித் தளரும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகம் இறுகும். பின் ஷாக்கைக் கழற்றி, சக்கரத்தை அந்த நிலைக்குத் தூக்கி வைத்துத் தளர்ச்சியைப் பாருங்கள். 125-இல் மெல்லிய 415 அளவு செயின், 450-க்கு அதைவிடத் தடித்த 520 அளவு. பின் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்ற வேண்டும். இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் நேர்கோட்டில் நிற்கிறதா என்று கொத்தனார் நூலைப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அலுமினிய சேஸியில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். சூடு பட்ட இடம் பலம் இழக்கும். ஒற்றை சிலிண்டர் அதிர்வு மீதியைப் பார்த்துக்கொள்ளும். பழைய மவுண்டிங் துளைகளிலேயே தகடு கோத்து முறுக்குங்கள். லேத் கூலிக்கு அழாதீர்கள்.

ஆயில் விஷயத்தில் கவனம். இந்த மாடலில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் தனித்தனி ஆயில், இரண்டுமே ஒரு லிட்டருக்குள். டிராக்கில் நேர்ப்பாதை முழுக்க ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடித்தால் அந்தக் கொஞ்ச ஆயில் என்ன பாடுபடும்! அடிக்கடி மாற்றுங்கள். ரேடியேட்டரையும் பெரிதாகப் போடுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு மோட்டோகிராஸ் ரேடியேட்டர் காணாது.

கேள்வி: முடித்தபின் காரையாறு மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்கலாமா? – அதே வாசகர்

பதில்: கூடாது. பதிவில்லாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு சொல்கிறது. மினி லாரியில் ஏற்றிக் கோவை கரி ஸ்பீடுவே ரேஸ் டிராக்குக்குக் கொண்டு போங்கள். லாரியில் ஓரமாக எனக்கும் ஓர் இடம் விடுங்கள்.