டாங்க்ல பொத்தல்னா வெல்டிங் கம்பியத் தொடாதீங்க தம்பி

மன்னார்குடி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அப்பா டிராக்டர் வேலை பார்த்த ஷெட்டுல 2 எச்பி பெல்ட் கம்ப்ரஸர், 160 லிட்டர் டாங்க், 2018 கஜாவுல கூரை பறந்ததுல இருந்து சும்மா கெடந்துச்சாம். இப்ப ஓட்டுனா காத்து ஏறவே நேரமாகுது, டாங்க் அடியில சோப்புத்தண்ணி தடவுனா கொப்பளிக்குது. மெக்கானிக் "பிளாக் (காத்த அழுத்துற பம்பு) போச்சு, புதுசு போடு"ங்கறாரு, வெல்டிங் பட்டறைல "ஒரு பொட்டு வச்சா போதும்"ங்கறாங்களாம். யார் சொல்றதக் கேக்குறது?

ரெண்டு பேரையும் கேக்காதீங்க. அனேகமா பிளாக் பொழைக்கும், டாங்க்தான் போச்சு. மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணி டாங்க் அடியில தண்ணி எறக்குற திருகு, அதான் டிரெயின் காக்க தொறந்து காத்த எறக்கி விடுங்க, மிச்சத்த அப்புறம் படிங்க.

நம்ம ஊரு காத்துல ஈரம் ஜாஸ்தி, அத அழுத்தி டாங்க்ல அடைச்சா ஆறும்போது தண்ணி பிரிஞ்சு அடியில தங்கிரும், தெனம் சாயங்காலம் டிரெயின் காக்க தொறந்து விடணும், ஆனா யாரு செய்யுறா? தகடு உள்பக்கமாவே துரு புடிச்சு அப்பளம் மாதிரி ஆயிரும். வெளிய தெரியுற பொத்தல் மொதல்ல விட்டுக்கொடுத்த எடம், அவ்ளோதான், சுத்தி உள்ள தகடும் அதே கதிதான். அதுல பொட்டு வச்சா பொட்டு நிக்கும், பக்கத்துல கிழியும். அடைச்ச காத்து அழுத்தி வச்ச ஸ்பிரிங் மாதிரி, கிழிஞ்சா ஒரே நொடியில அத்தனையும் வெளிய வரும், டாங்க் கூரைக்குப் போவும். எம்சீல் வச்சு பெயின்ட் அடிக்கறதும் அதே கதைதான்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் பார்த்துக்கங்க. கொப்பளிக்கறது தகட்டுலயா, இல்ல டிரெயின் காக் மாட்டுற மறைலயா? மறைல கசிஞ்சா அது துரு ஓட்டை இல்ல, காக்க கழட்டி மறைய பிரஷ்ல தேச்சு டெஃப்லான் டேப் சுத்தி இறுக்குங்க, வெல்டிங்கே வேணாம். திரும்ப சோப்புத்தண்ணி வச்சுப் பாருங்க, மறை சுத்தி நின்னு போயி அரை இஞ்சு தள்ளி தகட்டுல முட்டை வந்துச்சுன்னா டாங்க் அவுட்டு. மறை மட்டும்தான்னு உறுதியானாலும் டாங்க் நிறைய தண்ணி ரொப்பி, உள்ள காத்தே இல்லாம, கைப்பம்புல ஓடுற பிரஷர விட ஒன்றரை மடங்கு, அதாவது 7 கிலோவுக்கு பத்தரை கிலோ ஏத்திப் பார்க்கணும். தண்ணின்னா கிழிஞ்சாலும் ஒழுகும், வெடிக்காது. காத்த ஏத்தி டெஸ்ட் பண்றேங்கறவன் கிட்ட நிக்காதீங்க. திருச்சி துவாக்குடி பக்கம் பாய்லர் வேலை பாக்குற பட்டறைங்கள்ல தகடு கனம் பாக்குற மீட்டரும் இருக்கும், கேட்டுப் பாருங்க.

1948 ஃபேக்டரி சட்டத்துல 31வது பிரிவே பிரஷர் பிளான்ட்டுக்குத்தான், அதாவது இந்த மாதிரி அழுத்தத்துல ஓடுற சாமானுக்குத்தான் இருந்துச்சு, ஆனா அது ஃபேக்டரிக்கு. வீட்டு ஷெட்டையும் ரோட்டோர பஞ்சர் கடையையும் எவனும் எட்டிப் பாக்குறதில்ல. கேட்டா ஒரு வாளி தண்ணி கூட ஊத்தாம டெஸ்ட் சர்டிஃபிகேட்னு சீல் குத்திக் குடுக்குறதுக்கு ஆளு மட்டும் வருவான். அந்தக் காகிதம் வெடிக்கும்போது குறுக்க வந்து நிக்குமா?

பிளாக்குக்கு வருவோம். ஓடும்போது ஏர் ஃபில்டர் வாய்கிட்ட கை வைங்க, காத்து திருப்பி அடிச்சா வால்வு பிளேட் போச்சு. பிரீதர்ல (ஆயில் அறை மூச்சு விடுற ஓட்டை) புஸ்ஸு புஸ்ஸுன்னு பொகையா வந்து, காத்தோட ஆயிலும் வந்தா பிஸ்டன் ரிங்கு. ஹெட் ஓரத்துல கரியா கசிஞ்சிருந்தா கேஸ்கெட். மூணும் மாத்துற சாமான்தான், போர்ல, அதாவது பிஸ்டன் ஓடுற உள்சுவத்துல கோடு விழுந்திருந்தா மட்டும் லேத்துக்குப் போகணும். எல்லாம் சரியா இருந்தா 160 லிட்டர் டாங்க் காலியா இருக்கறதுல இருந்து 7 கிலோவுக்கு சுமாரா 6, 8 நிமிஷத்துல ஏறணும். ஓட்டை டாங்க்க வச்சு நேரம் பாத்து பிளாக் மேல பழி போடாதீங்க.

இதையெல்லாம் பாக்காம "பிளாக் போச்சு, எடைக்குப் போட்டுரு"ன்னா எனக்கு சந்தேகம்தான். எடைக்கு எடுத்துட்டுப் போயி வால்வு பிளேட்டும் கேஸ்கெட்டும் போட்டு வித்துருவானுங்க. நான் ரிங்கு போட்டு பஞ்ச் மார்க் வச்ச பிளாக்கே பச்சை பெயின்ட்டோட என்கிட்டயே வெலைக்கு வந்துச்சு!

டாங்க் புதுசே வாங்குங்க, ஓடுற பிரஷரும் டெஸ்ட் பிரஷரும் அடிச்ச தகடு ஒட்டியிருக்கணும். பழைய கேஸ் சிலிண்டர ஒட்டி செஞ்சு தர்றேன்னா ஓடி வந்துருங்க. சேஃப்டி வால்வும் புதுசு போடுங்க. ஆயில் கம்ப்ரஸர் ஆயில்தான், 20டபிள்யூ40 இன்ஜின் ஆயில ஊத்தாதீங்க, வால்வுல கரி கட்டிரும். போர் செட்டுக்கு வாங்கி மிச்சமான பிவிசி பைப்ப காத்து லைனுக்கு இழுத்திருந்தா இன்னிக்கே கழட்டுங்க, அது ஒழுகாது, சில்லு சில்லா தெறிக்கும்.

பழைய டாங்க காயலாங்கடைக்கு போடுறதுக்கு முன்னாடி டிரில்லுல பத்து ஓட்டை போட்டு அனுப்புங்க தம்பி. இல்லன்னா அடுத்த மாசமே பொட்டு வச்சு பெயின்ட் அடிச்சு பட்டுக்கோட்டைல யாரு ஷெட்டுலயாவது நிக்கும்.