கேள்வி – பதில்: மே விடுமுறையும் வாலிபர் முகாம்களும்

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து, ஆலய அறிவிப்புப் பலகைகளில் வாலிபர் முகாம் அறிவிப்புகள் ஒட்டப்படும் காலம் இது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான கிறிஸ்தவ முகாம்களைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறான். எங்கள் சேகரத்துப் (பக்கத்துச் சபைகள் சில சேர்ந்த திருச்சபைப் பிரிவு) பிள்ளைகளை ஏலகிரியில் நடக்கும் ஐந்து நாள் முகாமுக்கு அழைத்துச் செல்கிறார்கள். காலை முதல் இரவு வரை அங்கே என்ன செய்வார்கள்? நாள் முழுவதும் ஜெபமும் பிரசங்கமுமாக இருந்தால் அவன் சலித்துப்போவானோ என்று அஞ்சுகிறேன். – ஒரு தாய், வேலூர்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதுதான். ஆனால் நம் ஊர் வாலிபர் முகாம்களின் கால அட்டவணையை வாங்கிப் பார்த்தால், பிரசங்கத்துக்கென்று ஒதுக்கப்படுவது நாளின் சிறு பகுதியே என்பது தெரியும். முகாமுக்கு முகாம் அரைமணி முன்பின்னாக மாறினாலும் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான். காலை ஐந்தரை அல்லது ஆறு மணிக்கு மணி அடிப்பார்கள். பல் துலக்கித் தேநீர் குடித்தபின், ஒவ்வொருவரும் வேதாகமத்தையும் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு மரத்தடியிலோ படிக்கட்டிலோ தனியே போய் அமர வேண்டும். அமைதி நேரம் எனப்படும் அந்த அரைமணியில் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. குறித்துக் கொடுத்த பகுதியை வாசித்து, புரிந்ததையும் புரியாததையும் எழுதி வைக்க வேண்டும். முதல் நாள் பலர் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவார்கள். அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

பிறகு உடற்பயிற்சி, குளியல், எட்டு மணிக்குச் சிற்றுண்டி. சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவி வைக்க வேண்டும். பிள்ளைகளை எட்டு, பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, வேதாகமத்தில் வரும் ஊர்களின் பெயரையோ மனிதர்களின் பெயரையோ சூட்டியிருப்பார்கள். எந்தக் குழு என்றைக்குப் பரிமாறுவது, எது உணவுக்கூடத்தைப் பெருக்குவது, எது கழிப்பறையைக் கழுவுவது என்ற பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். காலையில் அறைகளைப் பார்வையிட்டு, போர்வை மடித்திருக்கிறதா, செருப்புகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் இடுவார்கள். வீட்டில் தான் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத பையன், தன் குழுவுக்கு ஒரு மதிப்பெண் குறைந்துவிடக் கூடாதே என்று பக்கத்துக் கட்டில்காரனின் துண்டையும் சேர்த்து மடிப்பதை இங்கே காணலாம்.

ஒன்பதரை மணிக்குப் பாடல்களும் வேதபாடமும் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் பாடம் முடிந்ததும், அதே பகுதியைப் பற்றிக் குழுக்கள் தனித்தனியே கூடிப் பேசும். பிள்ளைகளைவிட ஏழெட்டு வயது மூத்த அண்ணனோ அக்காவோ அந்தக் குழுவை நடத்துவார்கள். பரீட்சை பயம், வீட்டுச் சண்டை, கைப்பேசியில் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட குற்ற உணர்வு, கடவுள் இருக்கிறாரா என்ற ஐயம் ஆகிய அனைத்தும் வெளியே வருவது இங்கேதான். முகாமில் மேடைக் கூட்டங்களைவிட இந்தக் குழுக்களே முக்கியமானவை என்பது எங்கள் உறுதியான கருத்து. நம் சபைகளில் சாதி பார்க்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ஊரும் பள்ளியும் கலந்து அமைக்கப்பட்ட குழுவில் ஐந்து நாள் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பாத்திரம் கழுவுகிற பிள்ளைகளுக்கு அந்த வழக்கத்தின் மேல் இயல்பாகவே ஒரு கேள்வி பிறக்கிறது. ஒரே ஊர்ப் பிள்ளைகளை ஒரே அறையில் போட்டு அனுப்பிவிடும் முகாம்கள் இந்த வாய்ப்பை வீணாக்குகின்றன.

மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் கட்டாய ஓய்வு; அதன்பின் கைவேலை அல்லது நாடக ஒத்திகை. நாலரைக்கு மேல் விளையாட்டு. எறிபந்து, கைப்பந்து, கபடி, கயிறு இழுத்தல் என்று இருட்டும் வரை போகும். மாலைக் கூட்டத்தில் பாடலும் செய்தியும் உண்டு. இரவு உணவுக்குப் பின் குழுக்கள் நாடகம் நடிக்கும். பிறகு குழு ஜெபம். பத்து மணிக்கு விளக்கு அணையும். உங்கள் மகனுக்குச் சலிப்பைவிடத் தூக்கக் குறைவுதான் தொல்லையாக இருக்கும்.

கேள்வி: முகாமில் சேர்ந்தவுடனே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் எங்களைப் பிரிந்து ஓர் இரவுகூட இருந்ததில்லை. அவளோடு தினமும் பேச வழி உண்டா? – ஒரு தந்தை, தூத்துக்குடி

பதில்: பெரும்பாலான முகாம்களில் கைப்பேசியை வாங்கி, உறையில் பெயர் எழுதி வைத்துவிட்டுக் கடைசி நாளில்தான் தருவார்கள். இது நல்ல வழக்கமே. கையில் கைப்பேசி இருக்கும் பிள்ளை, பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டிய கட்டாயமே இல்லாமல் ஐந்து நாளையும் கடத்திவிடும். அவசரத்துக்கு அழைக்க பொறுப்பாளரின் எண்ணையும், மகள் தங்கும் அறைக்குப் பொறுப்பான அக்காவின் எண்ணையும் புறப்படும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டு ஏக்கம் பெரும்பாலும் முதல் இரண்டு இரவுகளில்தான் கடுமையாக இருக்கும். பகலில் வேலையும் விளையாட்டும் அதை மறக்கச் செய்யும். விளக்கு அணைந்த பின்புதான் அழுகை வரும். அந்த நேரத்தில் பெற்றோரின் குரலைக் கேட்டால் பல பிள்ளைகளுக்கு ஏக்கம் தணிவதற்கு மாறாகக் கூடிவிடுகிறது. "அழுகை வந்தால் உடனே வந்து அழைத்துக்கொள்கிறோம்" என்று வாக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள்; முதல் இரவே உங்களை அழைக்கும்படி அவள் கேட்பாள். அழுகை வந்தால் அறை அக்காவிடம் சொல்லலாம், அது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். பக்கத்து வீட்டிலோ அத்தை வீட்டிலோ இப்போதே ஓர் இரவு தங்கப் பழக்கினால் இன்னும் நல்லது.

கேள்வி: இத்தகைய முகாம்கள் எப்போது, எங்கே தொடங்கின? விளையாட்டைக் காட்டி ஆள் சேர்க்கும் உத்தி என்று என் நண்பர் கேலி செய்கிறார். – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: 1861-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடெரிக் வில்லியம் கன் என்ற பள்ளி நிறுவனர் தம் மாணவர்களைக் கடற்கரைக்கு நடத்திச் சென்று கூடாரமடித்துத் தங்க வைத்ததையே கோடை முகாம்களின் தொடக்கமாக அந்நாட்டார் சொல்வது வழக்கம். அது ஒரு பள்ளியின் முயற்சி. கிறிஸ்தவ இயக்கம் ஒன்றின் சார்பில் நடந்த பழைய முகாம்களில் பேர்பெற்றது, ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தைச் சேர்ந்த சம்னர் டட்லி 1885-இல் ஏழு சிறுவர்களுடன் நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்சு ஏரிக்கரையில் நடத்தியது. அவர் பெயரைத் தாங்கிய முகாம் இன்றும் நடக்கிறது. இங்கிலாந்தில் வேறொரு வழி உருவானது. 1867-இல் லண்டனில் சிறுவர்களுக்கெனத் தனிக் கூட்டங்களைத் தொடங்கிய ஜோசையா ஸ்பியர்ஸ், அடுத்த ஆண்டு வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரையில், விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளைகளைக் கொண்டே மணலில் எழுத்துகளை வரைந்து அலங்கரிக்கச் செய்து அவர்களோடு பேசினார். பிள்ளைகளிடையே வேதாகம வாசிப்பை வளர்க்கும் இன்றைய ஸ்கிரிப்சர் யூனியன் இயக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

நம் பக்கத்தில், வெயிலுக்குத் தப்பி மலைக்குப் போகும் பழக்கத்தை மிஷனரிகள் முன்பே ஏற்படுத்தியிருந்தார்கள். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியது 1845-இல். சென்னை ஒய்.எம்.சி.ஏ. 1890-இல் தொடங்கியது. அதன் சார்பில் ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விப் பயிற்சி நிலையம்தான் பின்னர் நந்தனத்து உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்தது. உடல், அறிவு, ஆவி மூன்றும் சேர்ந்து வளர வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் கொள்கை. எனவே விளையாட்டு ஆள் பிடிக்கும் தூண்டில் என்பது வரலாற்றோடு பொருந்தவில்லை. பரிசையும் சுற்றுலாவையும் மட்டும் விளம்பரப்படுத்தி, உள்ளே போனபின் வேறு முகம் காட்டும் முகாம் ஏதேனும் இருந்தால் உங்கள் நண்பரின் கேலி அதற்குத் தகும்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். என் மகளை அவள் பள்ளித் தோழி இத்தகைய முகாமுக்கு அழைக்கிறாள். அனுப்பலாமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இது வெறும் விளையாட்டு முகாம் அன்று, கிறிஸ்தவ நம்பிக்கையைக் கற்றுக்கொடுப்பதும் அதன் நோக்கம் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். முகாம் பொறுப்பாளரை நேரில் அழைத்து, கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஜெபத்தில் பங்குபெறாமல் ஒதுங்கி இருக்க அவளுக்கு இடம் உண்டா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நேரான பதில் தருகிறவர்களை நம்பலாம். பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வேறு சமயத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது எந்த முகாமுக்கும் அழகல்ல. உங்களுக்குத் தயக்கம் தீரவில்லை என்றால் அனுப்ப வேண்டாம். தோழிகள் இருவரும் ஜூன் மாதத்தில் மறுபடியும் சந்தித்துக்கொள்வார்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு முகாமின் கடைசி இரவில் எல்லாரும் அழுது ஜெபித்து, தங்களை இயேசுவுக்கு ஒப்புக்கொடுப்பதன் அடையாளமாக முன்னால் போய் நின்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நான் எழுந்து போகவும் இல்லை. என் விசுவாசம் குறைவானதா? – பத்தாம் வகுப்பு மாணவி, மார்த்தாண்டம்

பதில்: இல்லை, தங்கையே. அந்த இரவில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார். நாலைந்து நாளாக எல்லாரும் குறைவாகத் தூங்கியிருக்கிறீர்கள். விடிந்தால் பிரிய வேண்டும். விளக்கைக் குறைத்து, ஒரே பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவள் விசும்பத் தொடங்குகிறாள். இந்த நிலையில் யாருக்கும் கண் கலங்கும். அழுதவர்களின் கண்ணீர் பொய் என்று நாம் சொல்லவில்லை. அவர்களில் பலருக்கு அது உண்மையான திருப்பமாக இருக்கலாம். அழாமல் உட்கார்ந்திருந்தவளின் மனத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று அதைக்கொண்டு முடிவு கட்ட முடியாது என்பதே நம் கருத்து.

முகாம் நடத்துகிற பெரியவர்களுக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு மேலும் கூட்டத்தை நீட்டி, அசந்துபோன பிள்ளைகளைக் கை உயர்த்தச் சொல்லி எண்ணிக்கை எடுப்பது எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை. ஒரு பிள்ளை தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்க வேண்டுமானால், அதைப் பகல் வெளிச்சத்தில், தன்னை நான்கு நாளாக அறிந்த குழு அண்ணனிடமோ அக்காவிடமோ பேசி எடுப்பதே தகும்.

நீ அமைதி நேரத்தில் எழுதிய குறிப்பேடு இருக்கிறதா? அதை எடுத்து மறுபடி படித்துப் பார். அதில் நீ கேட்ட கேள்விகளில் எதைப் பற்றியாவது இன்னும் யோசிக்கிறாய் என்றால், உங்கள் ஆயரிடமோ ஞாயிறு பள்ளி ஆசிரியையிடமோ போய்ப் பேசு.

கேள்வி: முகாமிலிருந்து திரும்பிய என் மகன், திருச்சபை ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டதாகவும், இனி பன்னிரண்டாம் வகுப்பு தேவையில்லை என்றும் சொல்கிறான். என்ன செய்வது? – ஒரு தகப்பனார், பாளையங்கோட்டை

பதில்: கேலியும் செய்யாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். அவனிடம் ஐடா ஸ்கடரின் கதையைச் சொல்லுங்கள். மிஷனரி மருத்துவர்களின் குடும்பத்தில் பிறந்தும் இந்தியாவில் தங்க விரும்பாத அந்த இளம்பெண், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள், ஆண் மருத்துவரைத் தொட விட முடியாத காரணத்தால் இறந்துபோனதைக் கண்டுதான் தன் வாழ்க்கையைத் தீர்மானித்தார். முடிவெடுக்க ஓர் இரவு போதுமாக இருந்தது. ஆனால் அவர் அமெரிக்கா சென்று முறையாக மருத்துவம் படித்து, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பிறகே வேலூரில் பணியைத் தொடங்கினார். 1918-இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். இறையியல் கல்லூரிகள்கூடப் பள்ளிப் படிப்பை முடிக்காதவரைப் பட்டப் படிப்பில் சேர்ப்பதில்லை. இதை உங்கள் ஆயரும் அவனுக்கு எடுத்துச் சொல்லட்டும். தகப்பன் வாயிலிருந்து வந்தால் அது தடையாகத் தோன்றும்.

கேள்வி: பிள்ளைகளின் பாதுகாப்புக்காக முகாம் நடத்துவோரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? – ஞாயிறு பள்ளி ஆசிரியை, சென்னை

பதில்: தயக்கமில்லாமல் கேளுங்கள், நல்ல பொறுப்பாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். பெண் பிள்ளைகளின் தங்குமிடத்தில் இரவு முழுவதும் பெண் பொறுப்பாளர்கள் இருக்கிறார்களா? ஆலோசனை என்ற பெயரில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருப்பதற்கு இடம் உண்டா? உண்டு என்றால் அனுப்பாதீர்கள். அத்தகைய உரையாடல் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில்தான் நடக்க வேண்டும். அருவிக்கோ ஏரிக்கோ அழைத்துச் செல்வார்களா, நீச்சல் தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர், அருகில் மருத்துவமனை எங்கே என்பதையும் கேளுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த எவருக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படியான கடமை. திருச்சபையின் பெயர் கெடும் என்று அதை உள்ளுக்குள் பேசித் தீர்க்க யாருக்கும் உரிமையில்லை. குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணை முகாமுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

கேள்வி: கொடைக்கானல் முகாமுக்கு மே மாதத்திலும் ஸ்வெட்டர் தேவைப்படுமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: தேவைப்படும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கத்திரி வெயில் காலத்திலும் அங்கே இரவு குளிரும். கனமான போர்வை, டார்ச், மழைக்குக் குடை, வேதாகமம், குறிப்பேடு ஆகியவற்றோடு, பெண் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய நாப்கின்களையும் எடுத்துச் செல்லட்டும். விலையுயர்ந்த நகையும் கைக்கடிகாரமும் வேண்டாம். இழுப்பு நோயோ வலிப்போ உள்ள பிள்ளையானால், மருந்தை மருத்துவரின் சீட்டோடு சேர்த்து உறையில் போட்டு, பேருந்து ஏறும் முன்பே பொறுப்பாளரின் கையில் கொடுத்துவிடுங்கள்.