விசையில் ஒன்று, திரையில் ஒன்று

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விசைப்பலகை பற்றியவை. எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன். ஒருவர் எழுதிய மூன்று பக்கங்களில் இரண்டரைப் பக்கம் விற்றவரைத் திட்டியிருந்தார். நியாயமான திட்டுதான், ஆனால் இடம் போதவில்லை.

கேள்வி: புது விசைப்பலகையில் 'அட்' குறியை அழுத்தினால் இரட்டை மேற்கோள்குறி வருகிறது. மேற்கோள்குறியை அழுத்தினால் 'அட்' வருகிறது. பழுதுதான், கூடுதல் பணம் கொடுத்தால் வேறு தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: ஒரு காசும் கொடுக்காதீர்கள். ஷிப்டோடு 3ஐ அழுத்திப் பாருங்கள். பவுண்டு நாணயக் குறி வந்தால் பலகையில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் வாங்கியது அமெரிக்க விசை அமைப்பில், அதாவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமெரிக்க ஒழுங்கில், எழுத்து அச்சிட்ட பலகை. உங்கள் கணினியோ பிரிட்டிஷ் ஆங்கில அமைப்பில் இருக்கிறது. இந்த இரண்டிலும் அந்த இரு குறிகளும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

விசைப்பலகைக்கு எழுத்து தெரியாது. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்று ஓர் எண்ணை மட்டும் அது அனுப்பும். அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதைக் கணினியில் உள்ள அமைப்பு முடிவு செய்யும். விசையின் மேல் இருப்பது வெறும் மை.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் நேரமும் மொழியும் பகுதியில் மொழிப் பக்கத்துக்குப் போய், ஆங்கிலத்துக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, மொழி விருப்பங்களைத் திறந்து, அமெரிக்க விசைப்பலகையைச் சேருங்கள். பிறகு பிரிட்டிஷ் பலகையை நீக்குங்கள். இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும்; இருக்கும் ஒரே பலகையை நீக்க அது விடாது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், பல ஆண்டுகளுக்கு முன் இதே 'பழுது'க்காகப் பலகையோடு கணினியையும் தூக்கிக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் போனேன். உள்ளறைக்கு எடுத்துப்போனவர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து "உள்ளே தூசி" என்றார். பணமும் வாங்கிக்கொண்டார். அந்தத் தூசி செட்டிங்ஸுக்குள் இருந்தது என்று தெரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

கேள்வி: தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ் எழுத்து அச்சிட்ட விசைப்பலகை கட்டாயம் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வேண்டும். எந்த மென்பொருளை வாங்குவது, எந்த அமைப்பைக் கற்பது?

பதில்: வாங்க வேண்டியது எதுவும் இல்லை. விண்டோஸில் மேலே சொன்ன அதே இடத்தில் தமிழ் மொழியைச் சேர்த்து, அதன் விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தால் தமிழ்99 உட்படப் பல அமைப்புகள் இருக்கும். மொழி மாற, விண்டோஸ் விசையை அழுத்தியபடி ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். மேக் கணினியில் கண்ட்ரோலும் ஸ்பேஸும். லினக்ஸில் நோம் (GNOME) திரை என்றால் சூப்பர் விசையும் (விண்டோஸ் படம் போட்ட அதே விசை) ஸ்பேஸும். மூன்றிலும் கட்டைவிரல் ஒரே இடத்துக்குத்தான் போகிறது; ஒரு வாரத்தில் பழகிவிடும்.

எதைக் கற்பது என்பதற்கு என் விருப்பத்தைச் சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்கும் முறை, எப்போதாவது நாலு வரி எழுதுபவருக்குப் போதும். நாள் முழுக்கத் தமிழ் எழுதிப் பிழைப்பவர் தமிழ்99 கற்பதே நல்லது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்களில் பெரும்பாலானவை வலக்கையில். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. புள்ளியை நீங்கள் வைக்க வேண்டாம். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்கு அதுவே புள்ளி வைத்துக்கொள்ளும். 'ந'வை அடுத்து 'த' வந்தாலும் அப்படியே 'ந்த' ஆகிவிடும். முதல் பத்து நாள் எரிச்சலாக இருக்கும். நான் இரண்டு முறை பாதியில் விட்டேன்.

கேள்வி: தமிழ் எழுத்து ஒட்டிகள் விற்கிறார்களே, வாங்கி ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: கற்கும் காலத்துக்கு உதவும். ஆனால் மூன்றைப் பார்த்து வாங்குங்கள். முதலாவது, எந்த அமைப்பு என்ற பெயர் உறையில் இருக்க வேண்டும். 'தமிழ் ஒட்டிகள்' என்று மட்டும் போட்டிருந்தால் அது பழைய தட்டச்சு அமைப்பாகவும் இருக்கலாம், தமிழ்99 ஆகவும் இருக்கலாம். இரண்டாவது, மடிக்கணினியின் விசை மேசைப் பலகையின் விசையைப் போல் இருக்காது. அளவு பார்க்க வேண்டும். மூன்றாவது நான் பட்டது: ஒளி ஊடுருவும் தாளில் கறுப்பு எழுத்து. என் பலகையும் கறுப்பு. முப்பதுக்கும் மேற்பட்ட ஒட்டிகளைச் சாமணத்தால் எடுத்து, ஒரு மாலை முழுக்கப் பொறுமையாக ஒட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தேன். பலகை முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு எழுத்தும் தெரியவில்லை.

இன்னொன்று. எஃப், ஜே விசைகளில் விரல் தடவிப் பார்க்க ஒரு சிறு மேடு இருக்கும். தடித்த ஒட்டி அதை மூடிவிடும். அந்த இரண்டை மட்டும் ஒட்டாமல் விடுங்கள். தமிழ்99இல் அவை புள்ளியும் 'ப'வும். ஒரே நாளில் மனப்பாடம் ஆகிவிடும்.

கேள்வி: பாதி விலைக்குக் கிடைத்தது என்று இணையத்தில் ஒரு விசைப்பலகை வாங்கினேன். ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கின்றன. புள்ளி வைத்த விசித்திர எழுத்துகளும் உண்டு. விற்பனைப் பக்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: நீங்கள் வாங்கியது ஜெர்மன் பலகை. விற்பனைப் பக்கத்தில் சொல்லவில்லை என்கிறீர்கள்; நீங்கள் அனுப்பிய படத்தில் 'ஜெர்மன் அமைப்பு' என்று எழுதியிருக்கிறது. பாதி விலை என்றதும் கண் வேறு எதையும் படிப்பதில்லை.

கணினியை அமெரிக்க அமைப்பில் வைத்து, அச்சைப் பார்க்காமல் அடித்தால் எழுத்து சரியாக வரும். ஆனால் உடம்பை மாற்ற முடியாது. அமெரிக்கப் பலகையில் 104 விசைகள், ஐரோப்பியப் பலகையில் 105. அந்தக் கூடுதல் விசை இடப்பக்க ஷிப்டைக் குட்டையாக்கி அதன் அருகே உட்கார்ந்திருக்கும். எண்டர் விசையும் நின்றுகொண்டிருக்கும், படுத்திருக்காது. உங்கள் சுண்டுவிரல் ஷிப்டைத் தேடிப் பக்கத்து விசையில் விழுந்துகொண்டே இருக்கும். அடுத்த முறை படத்தைப் பெரிதாக்கி எண்டர் விசையைப் பாருங்கள். அதற்குப் பத்து விநாடி போதும்.

கேள்வி: தட்டச்சு வேலையை வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறேன், ஐயா. வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தலாம் என்று சொல்லி ஒரு தமிழ் மென்பொருளை விற்றார்கள். கணினியில் ஒரு சிறு பூட்டுக் கருவியைச் செருகினால்தான் அது வேலை செய்யும். அந்தக் கருவி கெட்டுவிட்டது. விற்றவர்கள் புதுப் பதிப்பை முழு விலைக்கு வாங்கச் சொல்கிறார்கள். பழைய கோப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. பத்தாண்டு உழைப்பு போய்விட்டதா?

பதில்: போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மீது தவறில்லை. இந்த வியாபாரத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். தமிழ் மென்பொருள் என்று உங்களுக்கு விற்றது மூன்று பொருள்களை ஒரே பையில் போட்டுக் கட்டியது. ஒன்று விசை அமைப்பு: எந்த விசைக்கு எந்த எழுத்து. இரண்டாவது குறிமுறை: அந்த எழுத்து கோப்புக்குள் எந்த எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. மூன்றாவது எழுத்துரு: திரையில் அது எந்த வடிவில் தெரிகிறது. மூன்றும் வேறு வேறு என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் பை அவிழ்ந்துவிடும்.

அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. பாமினி என்ற பழைய வகையில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் உண்மையில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. எழுத்துருவைக் கழற்றினால் அந்த ஐந்தும் அம்மணமாக நிற்கும். நீங்கள் பார்க்கும் குப்பை அதுதான். அது அழிவல்ல, ஒழுங்கான, எழுத்துக்கு எழுத்து மாற்றக்கூடிய குறி. இத்தனைக்கும் எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறிமுறையான யூனிக்கோடு தன் முதல் பதிப்பை வெளியிட்ட 1991இலேயே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. விண்டோஸ் 2000இல் தமிழ் யூனிக்கோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் உழைப்பாளியின் எழுத்தைத் தங்கள் பெட்டியில் பூட்டி, சாவியைத் தவணை முறையில் விற்றவர்களை வேறு என்ன சொல்வது?

செய்ய வேண்டியது இது. கோப்புகளின் நகலை எடுத்துத் தனியே வையுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள். எந்த எழுத்துரு என்று கோப்பில் பார்த்து, அதிலிருந்து யூனிக்கோடுக்கு மாற்றும் இலவசக் கருவியைத் தேடுங்கள். பரவலாகப் புழங்கிய வகைகளுக்கு இவை கிடைக்கின்றன. முதலில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரு வம்பு வரும்: இடையிடையே ஆங்கிலத்தில் அடித்த பெயர்களும் சேர்ந்து தமிழ்க் குப்பையாக மாறிவிடும், இரண்டுக்கும் உள்ளே ஒரே குறிதானே. ஆகவே ஆங்கிலப் பகுதிகளை ஒதுக்கிவிட்டு மாற்றுங்கள், பிறகு ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள்.

விரல் பழக்கத்தையும் விட வேண்டியதில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவசக் கருவிகளில் பழைய தட்டச்சு அமைப்பும் பாமினி அமைப்பும் உண்டு. விரல் பழையபடி ஓடும், கோப்பில் யூனிக்கோடு விழும். 'வாழ்நாள் முழுக்க' என்று எழுதிக் கொடுத்த ரசீது இருந்தால், வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். எந்தத் தமிழ் மென்பொருளையும் காசு கொடுக்கும் முன் அதில் ஒரு வரி அடித்து, உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி, அந்த மென்பொருள் இல்லாத வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். தமிழ் தமிழாகவே தெரிந்தால் மேற்கொண்டு பேசுங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: கடவுச்சொல் சரியாகத்தான் அடிக்கிறேன், தவறு என்கிறது. விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டும் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.

பதில்: பொறுங்கள். நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் எந்த மொழியின் குறி நிற்கிறது என்று பாருங்கள். வேறு மொழியோ வேறு அமைப்போ இருந்தால் நீங்கள் அடிப்பது ஒன்று, அங்கே விழுவது ஒன்று. அதை மாற்றி அடியுங்கள். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பிடித்தால் விழுந்திருப்பதைப் படிக்கவும் செய்யலாம். அதற்குப் பிறகும் திறக்கவில்லை என்றால்தான் அடுத்த யோசனை. கேட்டவுடன் நிறுவச் சொல்பவரை இரண்டாம் முறை கூப்பிடாதீர்கள்.

கேள்வி: தட்டச்சு செய்யும்போது மொழி தானாக மாறுகிறது. வைரஸ் என்று நினைத்து ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டிவிட்டேன். இன்னும் மாறுகிறது.

பதில்: மாறத்தான் செய்யும். இடப்பக்க ஆல்ட்டும் ஷிப்டும் சேர்ந்து விழுந்தால் மொழி மாறும் என்பது விண்டோஸின் பழைய ஏற்பாடு. உங்கள் விரல்தான் அந்த வைரஸ். உயர்நிலை விசைப்பலகை அமைப்புகளில் உள்ளீட்டு மொழிக் குறுக்குவிசைகளைத் திறந்து, அந்தச் சேர்க்கையை 'ஒதுக்கப்படவில்லை' என்று வைத்துவிடுங்கள். அதே பக்கத்தில் ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் தனித்தனி மொழி என்ற தேர்வும் இருக்கிறது. அதைப் போட்டால் மின்னஞ்சல் ஆங்கிலத்திலும் கட்டுரை தமிழிலும் அதனதன் நிலையில் நிற்கும். காசு கட்டிய பிறகு கேள்வி கேட்கும் வாசகர்களுக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரிவதே இல்லை. சந்தா தானாகப் புதுப்பிக்கப்படாமல் இருக்கவாவது இன்றே பாருங்கள்.

கேள்வி: டுவோராக் அமைப்பு வேகமானது என்கிறார்கள். அந்தப் பலகை எங்கே கிடைக்கும்?

பதில்: உங்கள் கணினியிலேயே இருக்கிறது. ஆங்கில எழுத்துகளை வேறு வரிசையில் வைக்கும், 1936இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் பட்டியலில் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு மாதம் முயன்று பாருங்கள், பிறகும் ஆசை இருந்தால் பலகை வாங்கலாம்.

கேள்வி: நிரலாக்கம் செய்யக்கூடிய விலை உயர்ந்த இயந்திர விசைப்பலகை எந்த மொழியிலும் எழுதும் என்று விளம்பரம் சொல்கிறது. உண்மையா?

பதில்: எந்தப் பலகையும் எந்த மொழியிலும் எழுதும். விசைகளின் இடத்தை மாற்றி நினைவில் வைக்கும் வசதிக்காக வாங்கினால் சரி. தமிழுக்காக என்றால் கணினியில் தமிழ் அமைப்பை எப்படியும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். விலையைக் கேட்கும் முன் எழுத்து எப்படிப் பதிக்கப்பட்டது என்று கேளுங்கள். இரு நிற வார்ப்பாக, அதாவது எழுத்தையும் வேறு நிறப் பிளாஸ்டிக்கால் வார்த்ததாக, இருந்தால் எழுத்து தேயாது. மேலே அச்சிட்டது என்றால் அதிகம் அடிபடும் எழுத்து முதலில் போகும்.

இதே ஆசையில் நான் ஒருமுறை விசைகளின் மேல் எழுத்தே இல்லாத பலகை ஒன்றை வாங்கினேன். தேர்ந்த தட்டச்சாளன் என்று வீட்டுக்கு வருபவர்கள் நினைக்கட்டும் என்ற வீம்பு. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கடவுச்சொல் அடிக்க வேண்டி வந்த முதல் நாளே அது பெட்டிக்குள் திரும்பிவிட்டது.

கேள்வி: ஐயா, இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் எந்தப் பலகையில் எழுதுகிறீர்கள்?

பதில்: ஆங்கிலம் மட்டும் அச்சிட்ட சாதாரணப் பலகை. தெரியாத ஒட்டிகளை உரித்துவிட்டு இரண்டாவதாக வாங்கிய வெள்ளை எழுத்து ஒட்டிகள் மூன்று இன்னும் அதில் இருக்கின்றன: ஞ, ங, ஔ. மற்றவை தேய்ந்து உரிந்துவிட்டன.