ஹவுராவிலிருந்து சியால்தாவுக்கு டாக்ஸி

வணக்கம் ஐயா. மாலை ஐந்து மணிக்கு ஹவுரா ரயில் நிலையத்தில் இறங்கி, வயதான தாயாருடனும் நான்கு பெட்டிகளுடனும் கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்துக்குச் சென்று இரவு டார்ஜிலிங் மெயில் ரயிலைப் பிடிக்க டாக்ஸி சரிப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சரிப்படும். தூரம் ஐந்து கிலோமீட்டர் அளவுதான் என்றாலும், ஹவுரா பாலத்தைத் தாண்டியதும் வரும் படாபஜாரில், மகாத்மா காந்தி சாலையின் இருபுறமும் தலைச்சுமைக்காரர்களும் கைவண்டிகளுமாக நெரியும் மாலை வேளையில், வண்டி நின்று நின்றுதான் நகரும். ஆகவே ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்து மொய்க்கும் தரகர்களிடம் பேரம் பேசாமல், ப்ரீபெய்ட் டாக்ஸி கவுன்டரில் பணம் கட்டிச் சீட்டு வாங்குங்கள். சியால்தாவில் இறங்கி, பெட்டிகளை எண்ணிய பிறகே ஓட்டுநரிடம் அந்தச் சீட்டைக் கொடுங்கள். மஞ்சள் அம்பாசடரின் டிக்கியில் நான்கு பெட்டிகளும் அடங்குவது கடினம். ஒன்றை முன்னிருக்கைக்கு ஒதுக்குங்கள்.

சுமை குறைவாக இருந்தால் நான் மெட்ரோவையே சொல்லியிருப்பேன். 2025 ஆகஸ்டிலிருந்து ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் சியால்தாவுக்கு நேராகவே ஓடுகிறது. கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் ஹவுரா மெட்ரோ நிலையம் மிக ஆழத்தில் இருப்பதால், அம்மாவையும் பெட்டிகளையும் ஒருவரே கவனித்து இறங்குவது சிரமம்.