எடை குறைந்ததும் சீபாப் மெஷினை நிறுத்தலாமா?

தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சீபாப் மெஷினை, எடை குறைந்துவிட்டதால் நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு நிறுத்தாதீர்கள். ஸ்லீவ் அறுவை சிகிச்சை (எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்குவது) முடிந்து 5 மாதத்தில் 28 கிலோ குறைந்ததும் குறட்டை நின்றதும் நல்ல செய்திதான். ஆனால் குறட்டை நின்றால் தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும் நின்றுவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

காலையில் வயிறு உப்புகிறது என்கிறீர்களே, காரணம் அநேகமாக மெஷினின் அழுத்தம். அது பழைய எடைக்கு வைத்த அளவு. நாக்கிலும் தொண்டையைச் சுற்றியும் இருந்த கொழுப்பு குறைந்த பிறகு அவ்வளவு அழுத்தம் தேவைப்படாது. அதிகப்படியான காற்றை விழுங்குகிறீர்கள். முகம் மெலிந்து மாஸ்க்கும் தளர்ந்திருக்கலாம். கண்ணில் காற்று அடிக்கிறதா பாருங்கள்.

1. அழுத்தத்தை நீங்களே மாற்றாமல் தூக்க மருத்துவரிடம் சொல்லிக் குறைக்கச் சொல்லுங்கள்.

2. எடை ஒரு நிலைக்கு வந்ததும் மெஷின் இல்லாமல் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். ஏஹெச்ஐ (தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு) 5-க்குக் கீழே இருந்தால் நிறுத்துவது பற்றிப் பேசலாம். மெஷின் திரையில் 2 என்று காட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள், அது மாஸ்க் போட்டிருக்கும்போது வரும் கணக்கு.

தாடை சிறியதாக இருப்பவர்களுக்கு எடை குறைந்தாலும் மூச்சு அடைபடுவது கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். எடை ஏறினால் இதுவும் திரும்பும். அப்புறம், வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால் பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.