ஆறாவது வாரம் ஊசி இருக்கும்போது பிறந்த அன்றே ஒன்று எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். ஆறாவது வாரம் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் ஊசியிலேயே, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான தடுப்பு மருந்தும் இருக்கிறது என்கிறார்கள். அப்புறம் ஏன் பிறந்த அன்றே தனியாக ஒன்று? பச்சைக் குழந்தை தாங்குமா?

பதில்: தாங்கும் அம்மா. அரை மில்லிதான், தொடையில் போடுவார்கள். ஆறு வாரம் காத்திருப்பதுதான் ஆபத்து. தாயின் ரத்தத்தில் இந்தக் கிருமி இருந்தால் பிரசவத்தின்போதே குழந்தைக்குத் தொற்றலாம். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். பிறக்கும்போது தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஈரலிலேயே தங்கிவிடும். பல வருஷம் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஈரல் சுருங்கும் நோயாகவோ புற்றுநோயாகவோ வந்து நிற்கும். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் என்கிறோம்.

தைவான் 1984-லேயே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை நாடு தழுவிய திட்டமாகத் தொடங்கியது. அங்கே பிள்ளைகளிடம் ஈரல் புற்றுநோய் குறைந்ததைப் பிறகு கண்டார்கள். நம் நாட்டில் 2002-03-ல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் ஆரம்பித்து, 2011-ல்தான் எல்லா மாநிலங்களுக்கும் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெண்டாவேலன்ட் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் அறிமுகமானது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வார ஊசிகளை மற்றவற்றோடு சேர்ப்பது எளிது. முதல் நாள் ஊசிதான் சிரமப்பட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு குழந்தை பிறக்கிறது. குப்பியில் பத்து பேருக்கான மருந்து. ஒரு பிள்ளைக்காகத் திறந்தால் மீதி வீணாகுமே என்று, "காலையில பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டார்கள். காலையில் தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போய்விட்டால்? இப்போது திறந்த குப்பியை, 2 முதல் 8 டிகிரி குளிரில் முறையாக வைத்திருந்தால், 28 நாள் வரை பயன்படுத்தலாம். வீணாகும் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்று மட்டும்: அதிகக் குளிர் நல்லது என்று நினைத்து உறையவிட்டால் இந்த மருந்து கெட்டுவிடும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. மகளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. (ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறதா என்று காட்டும் சோதனை) முடிவை இன்றே பாருங்கள். பாசிட்டிவ் என்றால் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியையும், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள், மற்ற தொடையில் போட வேண்டியிருக்கும். நெகட்டிவ் என்றாலும் முதல் நாள் ஊசியை விட வேண்டாம். வீட்டுக்குக் கிளம்பும் முன் தடுப்பூசி அட்டையில் பி.சி.ஜி. (காசநோய் தடுப்பூசி), போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி மூன்றுக்கும் தேதி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஹெபடைடிஸ் பி கட்டம் காலியாக இருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள்.