டிரிஃப்ட் டைவ் என்றால் என்ன? மும்பையிலிருந்து கிளம்பும் முன் எப்படித் தயாராவது?

கடல் நீரோட்டம் இழுத்துச் செல்ல, அதோடு சேர்ந்தே நீருக்கடியில் மிதந்துபோகும் ஸ்கூபா (காற்றுக் கலனோடு மூழ்கும்) முறைதான் டிரிஃப்ட் டைவ். மாலை நேரத்து தாதர் ரயில் நிலைய நடைமேம்பாலம் மாதிரி: கூட்டத்தோடு போனால் சிரமமில்லை, எதிர்த்தால் மூச்சு வாங்கும்.

ஆழத்தில் அந்த மூச்சுதான் விஷயமே. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 30 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பைவிட 4 மடங்கு காற்று செலவாகும். நைட்ரஜன் மயக்கமும் (அழுத்தத்தில் நைட்ரஜன் தரும் போதை போன்ற தடுமாற்றம்) தலைகாட்டலாம். அதனால் அந்தமானோ மாலத்தீவோ, கிளம்பும் முன்பே நீச்சல் குளத்தில் ஒரே மட்டத்தில் மிதந்து நிற்பதையும், நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் அடையாள மிதவையை மேலே விடுவதையும் கை பழகும்வரை செய்யுங்கள். அடிப்படைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைதான். அப்புறம், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது விடுங்கள்.

நன்றாக நீந்தத் தெரிந்தால் இறங்கிய இடத்துக்கே திரும்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, மிதவையைப் பார்த்துப் படகுதான் உங்களிடம் வரும்.